பூனைக் கணக்கு

பாற்கடலைக் கண்ட பூனையொன்று அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாமென்று ஆசைகொண்டு புகுந்தாற்போலத் தாமும் இராமகாதையைச் சொல்லத் துணிந்ததாகக் கம்பர் தமது அவையடக்கத்திற் கூறுவர். உயர்தர வகுப்பிலே அச்செய்யுளை நாம் பலமுறை கற்பித்திருக்கிறோம். 'பூசை' என்பது பூனைக்குப் பழைய பெயரென்று விளக்கி, புலவரின் பணிவைப் பாராட்டி, மேலே செல்வது எமது வழக்கம். 2022 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அவ்வாறு மேலே செல்ல முற்பட்டபோது, பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து நின்றான்.

"சேர், பூனைக்குட்டிக்குப் பசுப்பால் குடுக்கலாமோ?"

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, "கம்பர் காலத்துப் பூனைக்குக் கடலளவு பால் இருந்தது. பால்மா வரிசையில் நின்று பார்த்தவன் இந்தக் கேள்வி கேட்கமாட்டான்" என்றோம். சிரிப்பு இருமடங்காயிற்று. பையன் ஒன்றும் பேசாது இருந்துவிட்டான். அம்மறுமொழியை நினைக்குந்தோறும் எமக்கு இன்றும் நாணம் உண்டாகிறது. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நிற்க. வீட்டிற் பூனை வளர்ப்பதற்கு எவ்வளவு செலவாகும், அச்செலவை எவ்வாறு சுருக்கலாம் என்று வாசகர் சிலர் கேட்டிருக்கின்றனர். சிறுவர் உள்ள வீடுகளில் இஃது எளிய கேள்வியன்று. குட்டியைக் கொண்டுவருபவர் பிள்ளைகள். பணங் கொடுப்பவர் பெற்றோர். இவ்விருவருக்குமிடையே நின்று துன்புறுவது பூனை. ஆதலால் எம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அதிலே நாம் சரியாகச் செய்தவற்றையும் பிழையாகச் செய்ததையும் ஒளியாது எழுதுகிறோம்.

2021 ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், எம் இளைய மகள் ஒழுங்கையோரத்து வாய்க்காலிலிருந்து ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்தாள். சாம்பல் நிறம், வலக்காது மாத்திரம் வெள்ளை. "தின்ன ஒரு வாய் கூடிப்போச்சு" என்றார் எம் தாயார். நாமோ அன்றிரவே கணக்குப் புத்தகத்திற் 'பூனை' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் ஒதுக்கினோம். முதன் மாதத்தில் அப்பக்கம் நிரம்பிவிட்டது. தகரத்திலடைத்த மீன், வண்ணப் பொதியில் வந்த உலர்தீன், மலங்கழிப்பதற்கென்றே விற்கப்படும் மண், மணி கட்டிய கழுத்துப்பட்டி, மெத்தை யாவும் வாங்கினோம். மாத முடிவிற் கூட்டிப் பார்த்தபோது, எமது மின்சாரக் கட்டணத்தையும் பத்திரிகைக் கட்டணத்தையும் சேர்த்தாலும் பூனையின் செலவை எட்டவில்லை. மெத்தையிற் பூனை ஒருநாளும் படுக்கவில்லை. அது வந்த கடதாசிப் பெட்டியிலேயே படுத்தது.

அடுத்த ஆண்டு வந்த துன்பத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2022 மாசியில் 200 ரூபாவளவில் நின்ற ஓர் அமெரிக்க டொலரின் விலை வைகாசியில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. கடல்கடந்து வரும் பொருள் ஒவ்வொன்றின் விலையும் அதனோடு ஏறிற்று. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எமது கரையிற் சிறு வள்ளங்கள் மண்ணெண்ணெயினால் ஓடுபவை. ஆதலால் மீன்விலையும் அதன்வழிச் சென்றது. மனிதர் உணவையே அளந்து உண்ணும் காலத்திற் பூனையின் பக்கத்தை எவ்வாறு சுருக்குவதென்று எம் இல்லாளும் நாமும் இருந்து ஆராய்ந்தோம்.

முதலில் நிறுத்தியது பால். இதிலே பணமும் மிஞ்சிற்று. பூனைக்கும் நன்மை உண்டாயிற்று. தாய்ப்பாலை மறந்த பூனைகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் சீரணிக்கும் ஆற்றல் குறைந்துவிடும்; பால் குடித்தால் வயிற்றோட்டம் உண்டாகும். பூனை பாலுக்கு ஆசைப்படுவது உண்மைதான். ஆசைப்படுவதெல்லாம் உடலுக்கு ஏற்றதன்று என்பது பூனைக்கும் பொருந்தும். வேண்டியது நாடோறும் மாற்றிய நல்ல தண்ணீர். அதற்குக் கிணறு போதும்.

இரண்டாவது, தகரமீன். நாலு கிலோ நிறையுள்ள வளர்ந்த பூனைக்கு உலர்தீன் மாத்திரம் கொடுப்பின் நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் வரை போதும். மாதத்துக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறையும். நாம் அதனைப் பாதியாக்கி, மீதிக்குச் சுமார் 100 கிராம் சூடை அல்லது கீரிமீனும் ஒரு கரண்டிச் சோறும் கொடுக்கத் தொடங்கினோம். எமது கறிக்கு வெட்டிய மீனின் தலையும் இந்த அளவிற் சேரும். உப்பு, மிளகாய்த்தூள், வெங்காயம், உள்ளி எதுவுஞ் சேராது மீனை அவித்துப் பெரிய முள்ளை நீக்கிவிடவேண்டும். வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதியைக் கெடுப்பவை. ஆதலால் எஞ்சிய மீன்குழம்பைப் பூனைக்கு ஊற்றுவது சிக்கனமாகாது. பச்சைமீன் சிலவற்றில் உயிர்ச்சத்து பி1 ஐ அழிக்கும் பொருளொன்றுண்டு. அவித்தால் அது செயலற்றுப் போகும். மீனை மாத்திரமே உணவாகக் கொடுத்து வரினும் உயிர்ச்சத்து ஈ குறைந்து நோயுண்டாகும். உலர்தீனை நாம் முற்றாக நிறுத்தாமைக்குக் காரணம் இதுவே.

எமது அடுக்களையில் வெள்ளிக்கிழமைகளில் மீன் ஏறுவதில்லை. எம் தாயார் எந்நாளும் சைவம். "பூனையையும் மரக்கறிக்குப் பழக்கினால் என்ன?" என்று அவர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வியாயினும் பூனையின் உடல் அதற்கு இடங்கொடாது. ரோரின் என்னும் சத்தைப் பூனை தன் உடலிலே போதியவளவு ஆக்கிக்கொள்ள மாட்டாது. மீனிலும் இறைச்சியிலுமே அஃது இயற்கையாகக் கிடைக்கும். அச்சத்தில்லாத உணவினால் பூனையின் கண்ணொளி கெடுமென்று 1975 ஆம் ஆண்டிலும், இருதயம் தளர்ந்து வீங்குமென்று 1987 ஆம் ஆண்டிலும் அமெரிக்க ஆய்வாளர் வெளிப்படுத்தினர். இதனை விளக்கியபின் தாயார் ஒரு தீர்ப்பளித்தார்: வெள்ளிக்கிழமை பூனைக்கு உலர்தீன் மாத்திரம், மற்றைய நாட்களில் மீன் அவிப்பது கோடிக் கொட்டிலில், மூன்று கல் அடுப்பில். எரிவாயு கிடையாத அந்நாளில் ஊமலும் பன்னாடையும் எரித்து அவித்தமையால் விறகுச் செலவும் இல்லாது போயிற்று.

பிற சிக்கனங்களைச் சுருக்கமாகச் சொல்வோம். உலர்தீனைப் பெரிய பொதியாக வாங்கி அயலவருடன் பங்கிட்டால் விலை குறையும்; ஆனால் எமது காற்றின் ஈரத்தில் அது விரைவிற் பதங்கெடும். மூடி இறுகிய தகரத்திலிட்டு, ஒரு மாதத்துக்குள் முடியுமளவே வைத்திருத்தல் வேண்டும். எறும்புக்கு மருந்து தூவலாகாது. தீன்கோப்பையை நீருள்ள அகன்ற தட்டின் நடுவே வைத்தல் போதும். மலங்கழிக்கப் பழைய பேசினில் மணலும் மரத்தூளும் இடலாம். நாடோறும் அள்ளி அகற்றுதல் வேண்டும். பூனையின் மலத்திற் சிலவேளை இருக்கும் கிருமி, தொற்றும் நிலையை அடைவதற்கு ஒரு நாளேனும் ஆகுமாதலால் அன்றாடம் அகற்றுவது நற்காப்பு. கருவுற்றிருக்கும் பெண்கள் இவ்வேலையைச் செய்யலாகாது. நகங்கூர்க்கத் தும்புக்கயிறு சுற்றிய கட்டையொன்றும், விளையாடக் கசக்கிய கடதாசி உருண்டையொன்றும் போதியன. தெள்ளுக்குப் பேன்சீப்பினால் வாரி, சவர்க்கார நீரிலே சீப்பை அமிழ்த்தலாம். இவ்வாறு ஆறு மாதத்திற் பூனையின் பக்கம் பாதியாகச் சுருங்கியது. எமது சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

இனி, பிழையாகச் சுருக்கியதைச் சொல்லவேண்டும். பூனைக்கு ஐந்து மாதமானபோது, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்துவிடும்படி மிருக வைத்தியர் கூறினார். தொகையைக் கேட்டு வந்து, கணக்குப் புத்தகத்தில் 'சத்திரசிகிச்சை: ஒத்திவைப்பு, மிச்சம்' என்று எழுதினோம். 'மிச்சம்' என்ற சொல்லின்கீழ்க் கோடிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம். நாலு அல்லது ஐந்து மாதத்திலேயே கருத்தரிக்கவும், பாலூட்டும்போதே மீண்டும் கருத்தரிக்கவும் வல்லது. ஆண்டுக்கு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நாலு குட்டியெனின், ஒரு பூனை பன்னிரண்டு குட்டிகளை ஈனும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யக்கூடிய இப்பெருக்கலை ஆசிரியராகிய நாம் செய்யவில்லை. ஆவணி மாதத்தில் எம் பூனை நாலு குட்டிகளை ஈன்றது. ஒன்றுக்குத் தாயைப்போலவே வலக்காது வெள்ளை. அயலிற் கேட்டோம், எவரும் வேண்டார். ஐந்து வாரமானதும் அவை தீனுக்கு வாய்வைக்கத் தொடங்கின. கணக்குப் பக்கம் மீண்டும் நீண்டது. ஒரு சனிக்கிழமை விடியற்காலை, பிள்ளைகள் எழுமுன், நாலையும் ஒரு சந்தைப்பையிலிட்டுத் துவிச்சக்கரவண்டியிற் கொண்டுசென்று, மீன்சந்தையின் பின்புறத்தில் விட்டுவந்தோம். அங்கே மீன்குடலாவது கிடைக்குமென்று எமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். மகளுக்கு, யாரோ வளர்க்கக் கொண்டுசென்றனரென்று கூறினோம். தாய்ப்பூனை மூன்றிரவு வீட்டைச் சுற்றிக் கத்தித் திரிந்தது.

முன்னர்ச் சொன்ன வகுப்பு, அச்சனிக்கிழமையை அடுத்து வந்த திங்கட்கிழமை. புதன்கிழமை பாடசாலை விட்டபின், துவிச்சக்கரவண்டி நிறுத்துமிடத்தின் பின்னே அம்மாணவனைக் கண்டோம். குந்தியிருந்து ஒரு சிரட்டையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தான். அருகே விசுக்கோத்துப் பெட்டியொன்று. பத்திரிகைத் தாளிற் சுற்றப்பட்ட இரண்டு சிறு பொட்டலங்கள் பெட்டியின் பக்கத்திற் கிடந்தன. பெட்டிக்குள் இரண்டு குட்டிகள் உயிரோடிருந்தன. ஒன்றுக்கு வலக்காது வெள்ளை.

எம்மைக் கண்டதும் எழுந்து நின்றான். "சந்தைக்குப் பின்னாலை கிடந்ததுகள், சேர். வீட்டிலை விடமாட்டினம். பின்னேரம் வீட்டு விறகுக் கொட்டிலுக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சன், பகல் இங்கை. சாப்பாட்டுக் காசிலை பால் வாங்கிச் சீனி போட்டுக் குடுத்தனான். வயித்தாலை போய் ரெண்டு செத்துப்போச்சு."

திங்கட்கிழமை நாம் இரண்டு வசனத்தில் விடை கூறியிருந்தால், அவன் பாலை நிறுத்தி அவித்த மீனை மசித்துக் கொடுத்திருப்பான். மூன்று நாட் பகலுணவை இழந்து அவன் வாங்கிய பால், குட்டிகளுக்கு நஞ்சு போலாயிற்று. அவன் அறியாது செய்தான். அறிந்த நாம் சிரித்தோம்.

அவ்விடத்திலேயே உண்மையைச் சொன்னோம். அவன் சிறிதுநேரம் எம் முகத்தைப் பார்த்தான். பின்பு, "தாய் இருக்கோ, சேர்?" என்று கேட்டான்.

"இருக்கிறது."

"அப்ப இதுகளைத் தாயிட்டைக் கொண்டுபோங்கோ. இன்னும் பால் இருக்கும்."

பாலுக்குச் செலவழித்த காசைக் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டான். இரண்டு பொட்டலங்களையும் மண்ணில் வைத்து மூடி முடியுமட்டும் உடனிருந்தோம். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுசென்றபோது, தாய்ப்பூனை குட்டிகளை மோந்து, நக்கி, பக்கத்திற் படுத்துப் பாலூட்டிற்று. மகள் எம்மிடம் ஒன்றுங் கேட்கவில்லை. ஒன்றுங் கேளாதிருந்தமை கேட்டதிலும் வலித்தது.

வாசகர்காள், சிக்கனத்தைப் பற்றி நாம் சொல்லக்கூடியது இதுதான். பூனையின் தீனிலும் மண்ணிலும் விளையாட்டுப் பொருளிலும் மிச்சம் பிடித்தால் அது மெய்யான மிச்சம். கருத்தடையிலும் தடுப்பூசியிலும் மிச்சம் பிடித்தால் அத்தொகையைப் பிறரொருவர் கட்டுகிறார். எம்முடைய தொகையை ஒரு பையன் தன் பகலுணவினாற் கட்டினான். இரண்டு குட்டிகள் உயிராற் கட்டின. சந்தையிலும் பாடசாலை வாயிலிலும் கோயில் மதிலோரத்திலும் கிடக்கும் குட்டிகளெல்லாம் ஏதோவொரு வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் 'மிச்சம்' என்று எழுதப்பட்டவையே.

குட்டிகள் தீனுக்குப் பழகித் தாயின் பால் வற்றும்வரை, தாயை வெளியே விடாது காத்துப் பின்னர்ச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். ஆன தொகை பூனையின் மூன்று மாதத் தீன்செலவை அண்மித்தது. அயலில் இருவர் தத்தம் பூனைகளையும் கொண்டுவந்தமையால் ஓட்டோக் கூலி மூன்றாகப் பிரிந்தது. பழக்கூடைகளை வலையாற் கட்டி அவற்றை ஏற்றிச் சென்றோம். பத்து நாள் வீட்டினுள் வைத்து, காயத்தை நக்காது பார்த்துக்கொண்டால் போதும். கடுவனுக்குச் செய்யும் சிகிச்சை இதனினும் எளிது, செலவும் குறைவு. பணவசதியற்றோர் தத்தம் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்தல் நன்று. இத்தகைய முகாம்கள் நடத்தப்படும் காலத்தை அங்கே அறியலாம்.

நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியையும் ஒத்திவைக்கலாகாது. அந்நோய் நாய்க்கு மாத்திரம் உரியதென்பர் சிலர். பூனைக்கும் உண்டு, பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். அறிகுறி தோன்றியபின் உயிர்தப்புதல் மிக அரிது. சுகாதாரப் பகுதியினர் ஊரில் நாய்களுக்கு ஊசிபோட வரும்போது, பூனைக்கும் போடுவரோவென்று கேட்டறிக. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரச வைத்தியசாலைக்கு உடனே செல்லவேண்டும். அங்கே சிகிச்சைக்குப் பணம் வாங்கப்படுவதில்லை.

வைத்தியரிடம் செல்லும் செலவுக்கஞ்சி வீட்டிலுள்ள மருந்தைக் கொடுப்பதும் கூடாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் குளிசை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. நாய்க்கென வாங்கிய தெள்ளுமருந்துகள் சிலவும் அவ்வாறே. இவற்றுக்கு மாறாக, மாதந்தோறும் சிறு தொகையொன்றை ஓர் உண்டியலில் இட்டுவருக. எம் வீட்டில் மகளே அவ்வுண்டியலின் பொக்கிசதாரி. அவ்வளவுதானும் ஒதுக்க முடியாத வீட்டார், பிள்ளை குட்டியைக் கொண்டுவரும் நாளிலேயே இக்கணக்கைப் பிள்ளையோடிருந்து போட்டுப் பார்ப்பது நேர்மை.

அக்குட்டிகளில் ஒன்று எட்டு வாரம் நிரம்பியபின் எலித்தொல்லையுள்ள பலசரக்குக் கடையொன்றுக்குச் சென்றது. வெள்ளைக்காதுக் குட்டி எம் வீட்டிலேயே தங்கிற்று. கணக்குப் புத்தகத்திற் கோடிட்டிருந்த 'மிச்சம்' என்ற சொல்லை வெட்டி, அதன்மேற் 'கடன்' என்று எழுதிவைத்தோம். மூன்று நாட் பாற்காசு இன்னும் அங்கே தீராக்கடனாகவே நிற்கிறது.

இவ்வாண்டும் உயர்தர வகுப்பில் அச்செய்யுளைக் கற்பித்தோம். பூசையென்னுஞ் சொல்லுக்குப் பொருள் கூறிய பின், பூனைக்குப் பசுப்பால் ஆகாதென்பதையும், தாயற்ற சிறுகுட்டிக்கு அதற்குரிய பால்மாவை வைத்தியரிடம் கேட்டுக் கொடுக்கவேண்டுமென்பதையும் சொன்னோம். மாணவர் சிரித்தனர். அவர்கள் சிரித்து முடியுமட்டும் பொறுத்திருந்து, கேள்வி உண்டோ என்று கேட்டபின்னரே மேலே சென்றோம்.